அருமையும் பெறுமதியும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



கற்றோரும் அனுபவத்தில் முதிர்ந்தோரும் நிறைந்த இச்சபையிலே, பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத எம்மையும் ஒரு பொருளாக மதித்துப் பேசப் பணித்த செயற்குழுவினருக்கு நன்றி கூறுகின்றோம். இளைஞருக்குப் பயன்படக்கூடிய ஏதாவது ஒன்றைப் பேசுமாறு செயலாளர் கேட்டிருந்தார். நாம் எடுத்துக்கொண்ட பொருள் முதற் கேள்வியில் உங்களுக்கு நகைப்பைத் தரக்கூடும். வீடியோ விளையாட்டுக்களைச் சார்ந்து குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்படும் சேகரிப்புப் பொருள்கள், அவற்றின் அருமை, அவற்றை மீள விற்கும்போது கிடைக்கும் விலை என்பனவே அப்பொருள். பெரியோர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்கவேண்டும். இப்பேச்சு முடியுமுன்னே உங்கள் வீட்டுத் தகரப்பெட்டிகளுக்கும் வந்து சேருவோம்.

புளியங்கூடலுக்கும் வீடியோ விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நமது ஊரிலே வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு எது? ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் கோடை விடுமுறைக்கு வருவோர் முன்னாளிலே உடுப்பும் சொக்கிளேற்றும் கொண்டுவந்தனர். இந்நாளிலே அவற்றோடு விளையாட்டுப் பெட்டிகளும் பாத்திரங்களின் சிறு உருவங்களும் வருகின்றன. வந்த பெட்டியைப் பையன்கள் திறப்பதில்லை. "ஏன்ரா மோனை, உடைச்சு விளையாடன்" என்று எமது ஆச்சி கேட்டால், "உடைத்தால் விலை போய்விடும் ஆச்சி" என்கிறார்கள். விளையாடுவதற்கென்று செய்த பொருளை விளையாடாமல் வைத்திருந்தால்தான் விலை கூடும் என்பது ஆச்சிக்கு விளங்கவேயில்லை. எமக்கும் நெடுநாள் விளங்கவில்லை. விளங்குவதற்கு நாம் கொடுத்த விலையைப் பின்னர் சொல்லுவோம்.

தமிழிலே 'அருமை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எளிதிற் கிடையாமை ஒன்று. போற்றத்தக்க மேன்மை மற்றொன்று. அருமருந்து என்கிறோம், அருமைப் பிள்ளை என்கிறோம். இவ்விரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதனாலே, கிடைத்தற்கரியது எல்லாம் மேலானது என்று மனம் எளிதாக மயங்கிவிடுகின்றது. வியாபாரிகள் இந்த மயக்கத்தை நன்கறிவர்.

சேகரிப்புப் பொருளொன்றின் விலை எவ்வாறு உண்டாகிறது? முதலாவது எண்ணிக்கை. 1990ஆம் ஆண்டு நின்டெண்டோ கொம்பனி அமெரிக்காவிலே ஒரு விளையாட்டுப் போட்டியை நடத்தியது. அப்போட்டிக்கென்றே செய்த விளையாட்டுப் பேழைகளுட் சாம்பல் நிறமானவை 90, இறுதிச் சுற்றை அடைந்தோருக்கு வழங்கப்பட்டன. பொன்னிறமானவை 26, அக்கொம்பனியின் சஞ்சிகை நடத்திய பரிசுப் போட்டியிலே கொடுக்கப்பட்டன. கடையில் அவை விற்கப்பட்டதே இல்லை. இன்று அவை சேகரிப்போர் தேடி அலையும் பொருள்கள்.

இரண்டாவது, பொருளின் நிலை. 2021ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 'சூப்பர் மாரியோ 64' என்னும் விளையாட்டின் பிரதியொன்று அமெரிக்க ஏலத்திலே 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. அவ்விளையாட்டு 1996இல் வெளிவந்து உலகமெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. எண்ணிக்கையிலே அருமை சிறிதும் இல்லாதது. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளாக உறை பிரியாமல், மூலை மழுங்காமல் இருந்த பிரதிகள் மிகச் சில. அத்தனை பணமும் அந்தத் திறவாமைக்குக் கொடுத்த பணமே.

மூன்றாவது, பொருளோடு ஒட்டிய கதை. 1982ஆம் ஆண்டு அட்டாரி கொம்பனி 'ஈ.ரி.' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மறு ஆண்டிலே, தேங்கிக் கிடந்த சரக்கை லொறிகளில் ஏற்றிச் சென்று நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமொகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டிலே புதைத்தார்கள். 2014ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் அதனைத் தோண்டினர். மீண்ட பேழைகள் சுமார் 1,300. அவற்றுட் பெரும்பகுதியை விற்றபோது ஒரு இலட்சம் டொலருக்கு மேற் கிடைத்தது. கடையில் வைத்து விற்க முடியாமற் போன சரக்கு, புழுதி படிந்து நசுங்கிய பின்னர், அந்தக் கதையின் பலத்தினால் விலைபோயிற்று. ஒன்று வாடிக்கையாளர் மறுத்த பொருள். மற்றது ஒரு காலத்தின் சாட்சி.

இம்மூன்றுக்கும் மேலாக நாட்டம் வேண்டும். எமது வளவிலே கிடக்கும் ஒவ்வொரு கல்லும் உலகில் ஒன்றே ஒன்றுதான், வாங்குவார் எவருமில்லை. நாட்டமோ அலைபோல ஏறி இறங்குவது. 2021ஆம் ஆண்டின் அந்த உச்ச விலைகள் நிலைக்கவில்லை. நோய்க்காலத்து வெறி தணிந்ததும் உறை பிரியாத விளையாட்டுக்கள் பலவற்றின் விலை விழுந்தது. முத்திரைச் சேகரிப்பு நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. அங்கேயும் இதுவே நிலை. பிரித்தானிய கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சத முத்திரை உலகில் ஒன்றே உள்ளது. அது 2014இல் 94 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. 2021இல் 83 இலட்சம் டொலருக்குச் சற்று மேலாகவே போனது. உலகிலேயே ஒன்றான பொருளை வாங்கியவரும் நட்டமடையலாம் என்றால், ஆயிரத்தில் ஒன்றை வாங்கியவர் நிலை என்ன?

இனி எமது கதையைக் கூறவேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன்பு நாமும் நண்பர் இருவருமாகப் பணம் சேர்த்து, மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு என்று விளம்பரப்படுத்தப்பட்ட விளையாட்டுப் பெட்டியொன்றைக் கனடாவிலுள்ள பெரியம்மாவின் மகன் மூலம் வாங்குவித்தோம். உள்ளே ஓர் உருவம், ஒரு படநூல், ஓர் உலோகப் பதக்கம். பெட்டியின் புறத்திலே வரிசை எண் பொறித்திருந்தது. விலை நாற்பத்தெட்டாயிரம் ரூபா. நண்பர் ஒருவர் தமது தாயார் காய்ச்சீட்டுப் பிடித்து வைத்திருந்த பணத்திலிருந்து தம் பங்கைக் கொடுத்தார். இணையத்திலே அப்பெட்டிக்கு மூன்று மடங்கு விலை கேட்டிருந்ததைக் கண்டுதான் துணிந்தோம்.

எட்டு மாதம் கழித்து அக்கொம்பனியே அதே உருவத்தையும் அதே படநூலையும் வேறு நிறப் பெட்டியில் மீண்டும் வெளியிட்டது. பழைய பெட்டியின் வரிசை எண் பொய்யாகவில்லை. அந்த நிறப் பெட்டி அவ்வளவுதான் என்பது மெய்யே. ஆயினும் வாங்க இருந்தவர்களின் ஆவல் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் மற்றொன்றையும் கண்டோம். நாம் பார்த்து மயங்கிய மூன்று மடங்கு விலை விற்பவர் கேட்ட விலை; எவரும் கொடுத்த விலையன்று. விற்பனைத் தளத்தின் தரகு, பொதிச் செலவு, சுங்கம் என்பவற்றைக் கழித்துப் பார்த்தபோது, முதலைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. முடிவிலே கொழும்பு மாணவர் ஒருவருக்கு முப்பதினாயிரத்துக்குக் கொடுத்தோம். அவர் வாங்கிய அன்றே பெட்டியை உடைத்து விளையாடினாராம். எங்கள் மூவரிலும் பார்க்க அவரே அப்பொருளைச் சரியாகப் பயன்படுத்தினார்.

இளைஞர்களே, கொம்பனி ஆக்கும் அருமையைக் கொம்பனியே அழிக்கவும் வல்லது என்பதை மறவாதீர்கள். 2014ஆம் ஆண்டின் இறுதியிலே நின்டெண்டோ வெளியிட்ட 'அமீபோ' என்னும் சிறு உருவங்களிற் சில கடைகளில் அற்றுப்போய்ப் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. அடுத்த ஆண்டிலே மீண்டும் செய்து அனுப்பினார்கள். பதுக்கியவர் கை சுட்டது. அச்சு கொம்பனியின் கையில் இருக்கும்வரைக்கும் 'இனிக் கிடையாது' என்னும் சொல் ஒரு வாக்குறுதி, அதற்குமேல் எதுவுமில்லை.

காலம் செய்யும் அருமையோ வேறு. அதனை எவராலும் மீண்டும் வார்க்க முடியாது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தியின் உருவமும் 'சேது' என்னும் தமிழெழுத்தும் பொறித்த செப்புக்காசு. அவர்கள் அதனை அருமையாக இருக்கட்டும் என்று எண்ணிச் செய்யவில்லை. சந்தையிலே கை மாறுவதற்குச் செய்தனர். 1619இல் அரசு போயிற்று, அச்சும் போயிற்று. எஞ்சியது மண்ணில் கிடந்தது. அக்காசுகளை ஆராய்ந்து, இவை நமது அரசர் வெளியிட்டவை என்று எழுதியவர்களுள் ஒருவர் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர். காசின் செம்புக்கு விலை சொற்பமே. அது சொல்லும் செய்திக்கு விலை கூற முடியாது.

இவ்விடத்தில் நாம் செய்த வேறொரு பிழையையும் சபையிலே ஒப்புக்கொள்ள வேண்டும். முன் சொன்னது பணநட்டம், அது ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

எமது ஆச்சியின் தகப்பனார் மலாயாவிலே ரெயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். அக்காலத்திலே தீவுப்பகுதியிலிருந்து அவ்வாறு போனவர் பலர். அவர் எழுதிய கடிதங்கள் உறைகளோடு ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. 1990ஆம் ஆண்டு ஊர் இடம்பெயர்ந்தபோது ஆச்சி ஒரு கையில் உடுப்பு மூட்டையும் மறு கையில் அப்பெட்டியுமாகப் புறப்பட்டார். திரும்பி வந்தபோது வீட்டில் ஓடும் இல்லை, கதவு நிலையும் இல்லை. போன இடமெல்லாம் கூடப்போன பெட்டி மாத்திரம் மிஞ்சியது.

நாம் படித்த மிஷன் பாடசாலையிலே முத்திரை சேகரிக்கும் மாணவர் கழகம் ஒன்று இருந்தது. எமக்கு அப்போது வயது பதினொன்று. பெட்டியிலிருந்த உறைகளை ஆச்சி அறியாமல் எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, முத்திரைகளை உரித்து, கொப்பியில் ஒட்டினோம். உறைகளை அடுப்பில் போட்டோம். ஓர் உறையின் ஓரத்திலே அச்சடித்த கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. கிழிந்ததை ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி அதனை முதலில் எரித்தோம். அது யுத்தகாலத் தணிக்கையாளர் கடிதத்தைத் திறந்து படித்துவிட்டு ஒட்டிய துண்டு என்பதைப் பல ஆண்டு கழித்து ஒரு நூலிலே படித்தபோது உடம்பு குளிர்ந்தது.

உரித்த முத்திரைகள் மிகச் சாதாரணமானவை; இலட்சக்கணக்கில் அச்சிட்டவை. உலகின் முதல் தபால் முத்திரையாகிய 1840ஆம் ஆண்டுக் கறுப்புப் பென்னியே ஆறு கோடிக்கு மேல் அச்சிடப்பட்டது. அதன் பழைமைக்கு அதன் விலை பெரிதன்று. முத்திரை, புறப்பட்ட ஊரின் குறி, ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரின் குறி, தணிக்கைத் துண்டு, பெறுபவர் பெயர் ஆகிய யாவும் ஒன்றாக இருந்த முழு உறைக்குத்தான் சேகரிப்போரிடத்தில் மதிப்பு. மாரியோவின் உறை பிரியாத பெட்டிக்கு உள்ள நியாயமே அதற்கும். நாம் அமெரிக்கப் பெட்டியைத் திறவாமற் காத்தோம். எமது பூட்டனாரின் உறையை அடுப்பில் போட்டோம்.

விலை போனால் போகட்டும். சென்ற ஆண்டு ஒருநாள் ஆச்சி எம்மை அருகில் அழைத்து, "ஐயா கடைசியா எழுதின கடிதம் எது ராசா? எடுத்துப் படி, கேப்பம்" என்றார். அவருடைய தகப்பனார் ஜப்பானியர் காலத்திலே மலாயாவிலேயே காலமானவர். கடிதங்களை எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் மாதமும் திகதியும் இருக்கின்றன. ஒன்றிலேனும் ஆண்டு இல்லை. சுகம் கேட்டலும், அனுப்பிய பணம் வந்ததா என்னும் கேள்வியும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடு என்னும் புத்திமதியும் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே உள்ளன. ஆண்டைச் சொல்லக்கூடியது உறையிலிருந்த தபாற்குறி ஒன்றே. எது கடைசிக் கடிதம் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. ஆச்சிக்கு நாம் ஒன்றை எடுத்துப் படித்தோம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது கடைசிக் கடிதம்தானா என்பதை நாம் சொல்லவில்லை. இன்று இச்சபையிலே சொல்லிவிட்டோம். வீட்டிலும் சொல்ல வேண்டும்.

பிரித்தானிய கயானாவின் அந்த ஒற்றை முத்திரையை 1873இல் குடும்பத்துப் பழங்கடிதங்களிடையே கண்டெடுத்தவனும் பன்னிரண்டு வயதுப் பையனே. அவன் அதனை ஆறு சிலிங்குக்கு விற்றானாம். சிறுவரைக் குறைகூறிப் பயனில்லை. எது அருமையானது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார் வேண்டும்.

நமது தீவுகளிலே இது அவசரமான காரியம். பழைய பித்தளை, பழைய காசு, பழைய மரப்பெட்டகம் வாங்குவோர் வீடு வீடாக வருகின்றனர். பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் துப்புரவாக்கும்போது ஓலைச்சுவடியும் உறுதியும் கலியாணப் படமும் குப்பையோடு போகின்றன. 1981ஆம் ஆண்டு யூன் முதலாம் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் சுவடிகளும் போயின. அவற்றுட் சிலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. அது பிறர் வைத்த நெருப்பு. எமது வாளித் தண்ணீரும் அடுப்பும் நாமே வைத்தவை.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி வைப்பதா? சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினைத்துப் பாருங்கள். அவரும் மிஷன் பள்ளியிற் படித்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர். ஊரூராகத் தேடி அவர் பெற்ற ஏடுகள் எவ்வளவு அருமையானவை! எடுத்தால் ஒடியும், கட்டை அவிழ்த்தால் உதிரும் ஏடுகள். அவற்றை வைத்திருந்து விலை பேசியிருக்கலாம். அவர் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்டார். இருந்த ஓரிரு ஏடுகள் நூற்றுக்கணக்கான புத்தகங்களாயின. சேகரிப்போருட் தலைசிறந்தவர், தாம் சேகரித்ததன் அருமையைக் குறைத்தவரே. கிடைத்தற்கரியதைக் கிடைக்கச் செய்தார். மேன்மை குறையவில்லை, வளர்ந்தது.

விளையாட்டு உலகிலும் இன்று இதே கவலை எழுந்துள்ளது. 2010ஆம் ஆண்டுக்கு முன்பு அமெரிக்காவில் வெளிவந்த வீடியோ விளையாட்டுக்களில் 87 சதவீதம் இப்போது முறையாக விற்பனையில் இல்லை என்று, அவற்றின் வரலாற்றைப் பேணும் மன்றமொன்று 2023இல் ஆராய்ந்து கூறியது. அங்கே பேணுவோர் சேர்ந்துவிட்டனர். நமக்கும் வழி இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் மின்பிரதியாக்கி எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது.

ஆகையால் மூன்று விண்ணப்பங்களோடு அமைகின்றோம்.

இளைஞர்களுக்கு: விளையாட்டுப் பெட்டியை விருப்பத்துக்கு வாங்குங்கள், வாங்கினால் திறந்து விளையாடுங்கள். விற்று இலாபம் பெறலாம் என்று கடன்பட்டு வாங்காதீர்கள். விலையை அறிய விரும்பினால், கேட்ட விலையை விட்டு, விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள்.

பெரியோர்களுக்கு: பழம்பொருளை விற்கவேண்டாம் என்று சொல்ல எமக்கு வாயில்லை, கூரை ஒழுகும்போது பெட்டகம் பெரிதன்று. விற்குமுன் இன்னது என்று அறிந்து விற்கவேண்டும். தொல்பொருள்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இடந்தராது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பழைய படங்களின் பின்புறத்திலே பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். கடிதத்தை உறையிலிருந்து பிரிக்க விடாதீர்கள்.

சங்கத்துக்கு: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மண்டபத்திலே ஒரு மேசை போடுவோம். கொண்டுவரும் பொருளை அங்கேயே படம் பிடித்து, யாருடையது, எவ்வாறு வந்தது என்று பதிந்து, அன்றே உடையவர் கையில் திருப்பிக் கொடுப்போம். பிரதிகள் ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆகாது; ஊரில் ஒன்றும் வெளியூரில் ஒன்றும் நூலகத்திலே ஒன்றுமாக இருக்கட்டும். அம்மேசைக்கு முதலாவதாக வரும் பொருள், எமது ஆச்சியின் உறையில்லாக் கடிதங்கள்.

கடைசியாக ஒன்று. இப்பேச்சு அச்சாகப் போகும் ஆண்டு மலரும் சில நூறு பிரதிகளே அச்சிடப்படும் மட்டுப்படுத்தப்பட்ட பதிப்புத்தான். இடப்பெயர்வுக்கு முந்திய எமது மலர்களுள் ஒன்றேனும் சங்க அலுமாரியில் இல்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ எவருடைய பெட்டியின் அடியிலாவது ஒன்று இருக்குமாயின், அதற்கு விலை கேட்டாலும் கொடுக்கச் சித்தமாயிருக்கின்றோம். பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினாலே போதும். இம்மலரைக் கையில் எடுப்போர் இதனை உறையில் இட்டு மூடி வைக்கவேண்டாம். படியுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், ஒன்றை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.